மூன்றாம் துளை

மவுத் ஆர்கன் என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடும் பொருள் உண்மையில் ஒன்றல்ல; குறைந்தபட்சம் மூன்று. பள்ளி ஆண்டுவிழாக்களிலும் ரயில் பயணங்களிலும் நம்மில் பலரும் கேட்டு வளர்ந்தது ட்ரெமெலோ வகை. அதில் துளைகள் இரண்டு வரிசையாக இருக்கும். ஒவ்வொரு சுரத்துக்கும் இரண்டு ரீட்கள், ஒன்றுக்கொன்று மயிரிழை சுருதி விலகி நிற்கும். அந்த விலகலே ஒலியில் அலை போன்றதொரு நடுக்கத்தை எழுப்பி, பழைய திரைப்பாடல்களின் ஏக்கத்துக்கு வாகாக அமைந்துவிடுகிறது. இரண்டாவது, க்ரொமாட்டிக். பக்கவாட்டில் ஒரு பொத்தான். அழுத்தினால் ஒவ்வொரு சுரமும் அரைச்சுரம் ஏறும். பன்னிரண்டு சுரஸ்தானங்களும் கைவசம். டூட்ஸ் தீல்மன்ஸும் ஸ்டீவி வொண்டரும் வாசித்துப் புகழ்பெற்றது இதைத்தான். மூன்றாவது டயடோனிக்: பத்தே துளைகள், உள்ளங்கைக்குள் ஒளிந்துவிடும் பத்து சென்டிமீட்டர் நீளம், ஒரே ஒரு மேஜர் ஸ்கேலின் ஏழு சுரங்கள், அந்த ஏழும்கூட எல்லா ஸ்தாயியிலும் முழுதாக இருக்காது. மூன்றில் ஆக ஏழ்மையானது இதுவே. ப்ளூஸ் குடியேறியது இந்த மூன்றாவதில்தான்.

இந்த வேறுபாடுகளையெல்லாம் நாங்கள் தேடிப் படிக்க நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சிகாகோவின் மேற்குப் புறநகரொன்றில் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் வசிப்பவர்கள் நாங்கள் மூவர். எங்களைவிடப் பதினைந்து வயது மூத்த ஒருவரை அண்ணன் என்று அழைத்து, ஏறத்தாழப் பத்து ஆண்டுகளாக அவர் வீட்டு பேஸ்மென்ட்டில் வெள்ளிக்கிழமை இரவுகளைக் கழித்துவந்தோம். திருச்சிக்காரர். 'ப்ளூஸ்' என்றால் சோகப்பாட்டு என்பதற்கு மேல் எங்களுக்கு எதுவும் தெரிந்திராத காலத்தில், மட்டி வாட்டர்ஸின் இசைத்தட்டை வைத்து, ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி நிறுத்தி, "இப்ப கேளுங்கப்பா, இங்கதான் ஒரு பொய் சொல்றான்" என்று விளக்கம் சொன்னவர். கிதாரும் வாசிப்பார். மேடையேறும் தரம் என்று அவரே சொல்லிக்கொள்ளமாட்டார். ஆனால் இ சுருதியில் மெதுவான பன்னிரண்டு பார் ப்ளூஸ் ஒன்றை அவர் தொடங்கினால் எங்களில் யாரும் தண்ணீர் குடிக்கக்கூட எழுந்ததில்லை.

இரண்டு குளிர்காலங்களுக்கு முன் பனி அகற்றும் இயந்திரத்தில் அவருடைய இடது கை சிக்கியது. விரல்கள் தப்பின. நடுவிரலும் மோதிரவிரலும் மடங்குவதில்லை. கிதார்க்காரருக்கு இடது கை என்பது என்னவென்று வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. கிதார் சிறிது காலம் சுவரில் தொங்கியது. பிறகு அதன் பெட்டிக்குள் போனது. பிறகு பெட்டியே கண்ணில் படாமல் போனது. வெள்ளிக்கிழமைகளும் நின்றன. அவர் எதையும் அறிவித்து நிறுத்தவில்லை. ஒவ்வொரு வாரமும் ஏதோவொரு வேலை வந்தது.

அவருக்கு ஒரு மவுத் ஆர்கன் வாங்கிக் கொடுப்பது என்று நாங்கள் பேசிக்கொண்டபோது எங்களுக்கு மகிழ்ச்சியைக் காட்டிலும் அச்சமே மிகுந்திருந்தது. கிதாரை இழந்தவர் கையில் கிலுகிலுப்பையைக் கொடுப்பதாக அது ஆகிவிடக்கூடும். தவிர, காற்றுக் கசியும் மட்டமான வாத்தியம் புதிதாகக் கற்பவரிடம் 'உன்னால் முடியாது' என்று மட்டுமே திரும்பத் திரும்பச் சொல்லும். குற்றம் வாத்தியத்தில் இருக்கிறது என்று அவருக்குத் தெரிய வழியே இல்லை. முடியாது என்ற சொல்லை அண்ணன் அந்த ஆண்டு போதுமான அளவு கேட்டுவிட்டிருந்தார். முதல் வாத்தியம் தோற்கடித்தால் இரண்டாவதை அவர் தொடமாட்டார் என்பது எங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. ஆகவே ஒரே முறைதான் தேர்ந்தெடுக்கலாம். அது சரியாக இருந்தாக வேண்டும்.

சரி என்பதற்கு என்ன இலக்கணம்? அதற்கு இந்தப் பெட்டியின் வயிற்றுக்குள் கொஞ்சம் போக வேண்டியிருக்கிறது.

நடுவில் சீப்பைப் போன்ற ஒரு சட்டம். பெயரே சீப்பு என்ற பொருளில்தான் வழங்குகிறது. அதன் பற்களுக்கு நடுவே பத்து அறைகள். சீப்புக்கு மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு பித்தளைத் தகடுகள். தகட்டுக்குப் பத்தாக இருபது ரீட்கள். ஒவ்வோர் அறையிலும் ஊதும்போது பேச ஒன்று, மூச்சை உள்ளே இழுக்கும்போது பேச ஒன்று. வெளியே இரண்டு மூடித்தகடுகள். அவ்வளவே. சி சுருதி வாத்தியத்தை, அதாவது நம் கணக்கில் ஒரு கட்டை, எடுத்துக்கொள்வோம். எந்தத் துளையில் ஊதினாலும் ஸ, க, ப என்ற மூன்று சுரங்களே ஸ்தாயி மாறி மாறி வரும். முதல் துளையிலிருந்து வரிசையாக இழுத்தால் ரி, ப, நி, ரி, ம, த, நி, ரி, ம, த. கவனித்தால் கீழ் ஸ்தாயியில் மத்யமமும் தைவதமும் இல்லை என்பது புலப்படும். இது கவனக்குறைவல்ல. ஜெர்மானிய நாட்டுப்புற நடனப் பாட்டுகளுக்காக வகுக்கப்பட்ட வரிசை இது. பல துளைகளைச் சேர்த்து ஊதினால் ஒரு கார்டு, சேர்த்து இழுத்தால் அதற்குப் பதில் சொல்லும் இன்னொரு கார்டு என்று தாளத்துக்குத் துணை கிடைக்க வேண்டும். அதற்காக இரண்டு சுரங்களைப் பலி கொடுத்தார்கள். மத்தியாஸ் ஹோனர் 1857இல் ட்ராஸிங்கன் என்ற சிற்றூரில் தொடங்கிய தொழிற்சாலை இந்த வாத்தியத்தைக் கடல் கடந்து அமெரிக்காவுக்கு மூட்டை மூட்டையாக அனுப்பியது. அதன் மரைன் பேண்ட் என்ற மாதிரி 1896இல் வந்தது. ஏழைகளால் வாங்க முடிந்த வாத்தியம். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பருத்திக்காட்டுக்குப் போகலாம்.

அமெரிக்கத் தென்பகுதியின் கறுப்பினத்தவர் கையில் இது சேர்ந்தபோது நிகழ்ந்ததை அதை வடிவமைத்தவர்கள் நினைத்துக்கூடப் பார்த்திருக்கமாட்டார்கள். ஊதுவதற்காகச் செய்யப்பட்ட வாத்தியத்தை அவர்கள் இழுப்பதற்காக எடுத்துக்கொண்டார்கள். இரண்டாம் துளையில் இழுக்கும்போது கிடைக்கும் பஞ்சமத்தையே ஷட்ஜமாக வைத்துக்கொண்டார்கள். நம் சங்கீதத்தில் இதற்குக் கிரகபேதம் என்று பெயர். சங்கராபரணத்தின் பஞ்சமத்தை ஆதாரமாக்கினால் ஹரிகாம்போதி பிறக்கும் என்பது பாலபாடம். அதாவது சி வாத்தியத்தை வைத்துக்கொண்டு ஜி சுருதியில் பாட்டு. ஹரிகாம்போதியின் கைசிகி நிஷாதம் ப்ளூஸுக்கு வேண்டிய சுரம். அது தானாகவே கிடைத்துவிடுகிறது. ப்ளூஸ்காரர்கள் இதைக் 'க்ராஸ் ஹார்ப்' என்றும் 'இரண்டாம் நிலை' என்றும் சொல்கிறார்கள். 1920களின் இசைத்தட்டுகளிலேயே இது நிலைபெற்ற வழக்கமாகக் கேட்கிறது. ஊதும் மூச்சு ஒப்புக்கொடுத்துவிடும் மூச்சு. இழுக்கும் மூச்சில் பிடிமானம் உண்டு, அழுத்தம் உண்டு. (தமிழில் இழுப்பு என்றால் மூச்சிரைப்பு நோயையும் குறிக்கும் என்பது எங்களில் ஒருவருக்கு நினைவுக்கு வந்து, அன்றைய விவாதம் சற்று நேரம் திசைமாறியது.)

இழுப்பில் இன்னொரு காரியமும் நடக்கிறது. ப்ளூஸின் உயிர் அங்கேதான். ஒரே அறைக்குள் இரண்டு ரீட்கள் இருக்கின்றன அல்லவா? நாவைப் பின்னுக்கிழுத்து வாய்க்குள் இருக்கும் இடத்தின் வடிவத்தை மாற்றி இழுத்தால், பேசிக்கொண்டிருந்த இழு ரீட் சுருதி தாழ்ந்து, அதுவரை சும்மா இருந்த ஊது ரீட் மெல்ல மெல்லப் பேச்சை எடுத்துக்கொள்கிறது. இதுவே பெண்ட், வளைவு. எவ்வளவு வளைக்கலாம் என்பது அந்த அறையின் இரு ரீட்களுக்கும் உள்ள தூரத்தைப் பொறுத்தது. நான்காம் துளையில் இடைவெளி குறைவு. ஆகவே அரைச்சுரம் மட்டும். இரண்டாம் துளையில் இரண்டு அரைச்சுரங்கள். ஐந்தாம் துளையில் இரண்டு ரீட்களும் ஒட்டி நிற்பதால் வளைக்க இடமே கிட்டத்தட்ட இல்லை. மூன்றாம் துளையில்தான் இடைவெளி மிக அதிகம்: சி வாத்தியத்தில் அது மூன்று அரைச்சுரம் இறங்கும். தொழிற்சாலை பலிகொடுத்த மத்யமமும் தைவதமும் முறையே இரண்டாம், மூன்றாம் துளைகளின் வளைவுகளில் திரும்பக் கிடைக்கின்றன.

கிரகபேதத்துக்குப் பிறகு மூன்றாம் துளையின் இழுப்பு காந்தாரம் ஆகிறது. வளைக்காவிட்டால் அந்தர காந்தாரம், அரைச்சுரம் இறக்கினால் சாதாரண காந்தாரம். ப்ளூஸ் பாடகர்கள் தேடும் காந்தாரம் இரண்டுமல்ல. இரண்டுக்கும் நடுவில், நிலையாக நிற்காமல், ஒன்றிலிருந்து மற்றொன்றை நோக்கிச் சாய்ந்துகொண்டிருப்பது. கமகத்தில் பழகிய காதுக்கு இது உடனே புரியும். இங்கே ஹார்மோனியத்தை நினைத்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. அதுவும் ரீட் வாத்தியம், அதுவும் ஐரோப்பாவிலிருந்து வந்தது. சுரத்தை அசைக்க முடியாத வாத்தியம் நம் இசைக்கு ஆகாது என்று அகில இந்திய வானொலி 1940இல் அதை விலக்கிவைத்தது. 1971 வரை அந்த விலக்கு நீடித்தது. அதே குலத்தைச் சேர்ந்த, அதைவிட எளிய ஒரு பொம்மையில் சுரத்தை அசைக்கும் வழியை வாய்க்குள்ளேயே கண்டுபிடித்தவர்களுக்கு எந்த வானொலியின் அனுமதியும் தேவைப்பட்டிருக்கவில்லை.

ட்ரெமெலோ வகையில் இது நடக்காது. அதில் ஒவ்வொரு ரீட்டுக்கும் தனித்தனி அறை. பேச்சை எடுத்துக்கொள்ள அண்டை வீட்டில் ஆள் இல்லை. ப்ளூஸ் வாசிக்க வேண்டும் என்று சொல்லி இரட்டை வரிசை வாத்தியத்தை வாங்கிவருகிறவர்கள் எத்தனை ஆண்டு பயின்றாலும் வந்து சேராத ஊர் ஒன்று இருக்கிறது என்றால் அது இந்த மூன்றாம் துளைதான். ஆகவே நாங்கள் தேடிய இலக்கணமும் இங்கே கிடைத்துவிட்டது. இந்த வாத்தியத்தை இழுத்துப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். அதிலும் இரண்டாம், மூன்றாம் துளைகள் என்ன சொல்கின்றன என்பதைக் கொண்டு. மற்றவை அலங்காரம்.

அலங்காரங்களைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டிருக்கிறது. மூடித்தகட்டின் பூச்சு, பெட்டியின் வெல்வெட், யார் கையெழுத்திட்ட சிறப்புப் பதிப்பு என்பவற்றைக் கடந்துவிடலாம். சீப்பின் பொருளைப் பற்றிய சண்டை மட்டும் கொஞ்சம் சுவாரசியமானது. மரைன் பேண்டின் சீப்பு பேரிமரத்தால் ஆனது. மரத்தில்தான் கதகதப்பான நாதம் என்பார்கள் ஒரு சாரார். பிளாஸ்டிக், உலோகம், மூங்கில் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்சி உண்டு. ஆனால் வீணையின் குடம்போல இங்கே சீப்பு அதிர்ந்து ஒலியைப் பெருக்குவதில்லை; அதிர்வது ரீட்; அது வெட்டி வெட்டி விடும் காற்று. சீப்பின் வேலை கசியாமல் இருப்பது. எங்களில் பொறியாளராக இருப்பவர் மற்ற இருவரின் கண்களையும் கட்டிவிட்டு மரச்சீப்பையும் பிளாஸ்டிக் சீப்பையும் மாற்றி மாற்றி ஊதிக் காட்டினார். எங்கள் விடைகள் பூவா தலையா போட்டுப் பார்த்ததைவிட மேலாக இல்லை. மரத்துக்கு நிச்சயமான ஒரு குணம் உண்டு: பூச்சில்லாத பழைய முறை மரச்சீப்பு எச்சில் ஈரத்தில் உப்பும், பற்கள் வெளியே நீளும், உதட்டைக் கீறும். 2005இல் வந்த மரைன் பேண்ட் டீலக்ஸில் மரத்துக்குக் காப்புப் பூச்சு கொடுத்து, ஆணிகளுக்குப் பதிலாகத் திருகாணிகளைப் போட்டுவிட்டார்கள். திருகாணி சிறிய விஷயமல்ல. ஒரு ரீட் மக்கர் செய்தால் திறந்து பார்க்கலாம்.

பழையவர்கள் வாசித்தது அந்த ஆணியடித்த மரைன் பேண்டைத்தான் என்பது ஒரு கவர்ச்சி. டிஃபோர்ட் பெய்லி என்றொருவர்; குழந்தைப்பருவத்தில் போலியோ வந்து உயரம் ஐந்தடியைக்கூட எட்டாதவர்; 1927இல் தன் பத்துத் துளை வாத்தியத்தில் ஒரு முழு ரயிலை ஓட்டி இசைத்தட்டில் பதிந்தவர். நாஷ்வில்லின் புகழ்பெற்ற க்ராண்ட் ஓல் ஆப்ரி வானொலி நிகழ்ச்சியின் தொடக்க கால நட்சத்திரம். 1941இல் அங்கிருந்து நீக்கப்பட்டு, பின்னர் காலணிகளுக்கு மெருகேற்றும் கடை வைத்துப் பிழைத்தார். ஜான் லீ வில்லியம்சன், முதலாம் சன்னி பாய், 1937இல் தன் முதல் பதிவுகளிலேயே மவுத் ஆர்கனைத் துணை வாத்தியம் என்ற நிலையிலிருந்து முன்னுக்குக் கொண்டுவந்தார். 1948இல் சிகாகோவின் தென்பகுதியில் வழிப்பறியில் கொல்லப்பட்டபோது வயது 34. அவருக்குப் பின் லிட்டில் வால்ட்டர். மேக்ஸ்வெல் தெருச் சந்தையில் நடைபாதையில் வாசித்தவர். மலிவான மைக்கொன்றை வாத்தியத்தோடு சேர்த்து இரு கைகளுக்குள் பொத்திப் பிடித்து, ஆம்ப்ளிஃபையரை அதன் எல்லைக்கு அப்பால் விரட்டி, சாக்ஸஃபோனுக்கு ஈடான ஒரு குரலை உண்டாக்கினார். 1952 மே மாதம் பதிவான அவருடைய 'ஜூக்', பாட்டில்லாத வெறும் வாத்திய இசை, பில்போர்டின் ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் எட்டு வாரம் முதலிடத்தில் இருந்தது. அப்போது அவருக்கு வயது 22. 37இல் ஒரு தெருச்சண்டைக்குப் பின் இறந்துபோனார். அந்தச் சந்தையும் 1994இல் அவ்விடத்திலிருந்து அகற்றப்பட்டுவிட்டது. நாங்கள் காரில் போகும்போது பல்கலைக்கழகக் கட்டடங்களைத்தான் பார்க்கிறோம்.

இவர்கள் வாசித்ததையே அண்ணனுக்கும் வாங்க வேண்டும் என்று எங்களில் ஒருவர் வாதிட்டார். அவர்கள் அதை வாங்கியது அது மலிவாகவும் கையெட்டும் தூரத்திலும் இருந்ததால். புனிதத்தால் அல்ல என்பது மற்ற இருவரின் கட்சி. ஆனால் அந்த வாதத்தைத் தோண்டப்போய்த்தான் நாங்கள் அறிந்திராத ஒரு விஷயம் வெளிவந்தது: சுருதி சேர்ப்பு.

பியானோவின் சுருதி சேர்ப்பில் பன்னிரண்டு அரைச்சுரங்களும் சம தூரத்தில் நிற்கின்றன. எல்லாச் சுருதியிலும் வாசிக்க ஏற்பாடு. ஆனால் எந்தக் கார்டும் முழு இனிமையோடு ஒலிப்பதில்லை. பழைய மரைன் பேண்டுகளைப் பல பத்தாண்டுகள் இயற்கை விகிதங்களின்படி சுருதி சேர்த்தார்கள். கீழ்த்துளைகளைச் சேர்த்து இழுத்தால் வரும் கார்டின் சுரங்கள் நான்கு, ஐந்து, ஆறு, ஏழு என்ற எளிய எண் விகிதத்தில் நிற்கும். தம்பூராவின் நாதத்தில் தானாக எழும் அந்தர காந்தாரத்தைக் கேட்டவர்களுக்கு அந்தச் சாந்தம் என்னவென்று தெரியும். இந்த ஏற்பாட்டில் ஐந்தாம் துளையின் நிஷாதம் பியானோவின் நிஷாதத்தைவிட ஏறத்தாழ 31 சென்ட், அதாவது அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு, தாழ்ந்து நிற்கிறது. தனியாக ஒலித்தால் சற்று அபஸ்வரம்போலத் தோன்றும். கார்டோடு சேர்ந்தால் தேன். ப்ளூஸ் அந்தத் தாழ்ந்த நிஷாதத்தை நேசித்தது தற்செயலாக இருக்க முடியாது என்பது எங்கள் எண்ணம்.

இன்று கிடைப்பவற்றில் ஜப்பானில் தயாராகும் லீ ஆஸ்கர் வாத்தியங்கள் சம தூரச் சுருதியில் வருகின்றன. தனிச் சுரங்களால் ஆன மெட்டுக்கு மிகத் துல்லியம். ஹோனரின் மரைன் பேண்டும் ஸ்பெஷல் 20ம் இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு சமரசத்தில் நிற்கின்றன. அண்ணன் கார்டுகளின் மனிதர். கிதாரில் ஒற்றைத் தந்தியைவிட, இரண்டு மூன்று தந்திகளைச் சேர்த்து உரசி விடுவதில்தான் அவருடைய கை அடையாளம் காணப்படும். ஆகவே கார்டு இனிக்க வேண்டும் என்பதில் மூவரும் உடன்பட்டோம். இந்தத் தேடலில் நாங்கள் சண்டையிடாமல் முடிவெடுத்த ஒரே இடம் அது.

எந்தச் சுருதி? டயடோனிக் வாத்தியம் பன்னிரண்டு சுருதிகளிலும் தனித்தனியாகக் கிடைக்கிறது. புதியவர்களுக்குச் சி என்பது பொதுவான அறிவுரை. பாடநூல்கள் பலவும் அதை வைத்தே எழுதப்பட்டிருக்கின்றன. பாட்டின் ஷட்ஜமத்துக்கு மத்யமம் எதுவோ அதுவே வாத்தியத்தின் சுருதி என்று க்ராஸ் ஹார்ப் கணக்கைச் சுருக்கிச் சொல்லலாம். ஜி பாட்டுக்குச் சி வாத்தியம். ஏ பாட்டுக்கு டி. அண்ணனின் ப்ளூஸ் எப்போதும் இ சுருதியில், மூன்று கட்டையில். கிதாரின் திறந்த தந்திகள் அங்கேதான் நன்றாகப் பேசும். அதற்கு ஏ வாத்தியம், ஆறு கட்டை. 'ஜூக்' பதிவானதும் ஏ வாத்தியத்தில்தான். சியைவிட ஏ தாழ்ந்த சுருதி. ரீட்கள் நீளம், குரல் கனம். ஜி அளவுக்குத் தாழ்ந்தால் வளைவுக்கு வாய்க்குள் மிகப் பெரிய இடம் வேண்டும். எஃப் அளவுக்கு உயர்ந்தால் நூலிழை நகர்த்தலில் சுரம் தவறிப்போகும். ஏ நடுவில் நிற்கிறது. பாடநூலைவிட அவருடைய பழைய பாட்டுகள் முக்கியம் என்று ஏ சுருதியையே முடிவு செய்தோம். பெட்டிக்கு ஏழாக மலிவு விலையில் பல சுருதிகள் சேர்ந்து கிடைக்கின்றன. ஏழும் சேர்ந்து ஒரு நல்ல வாத்தியத்தின் விலைகூட ஆகாது. அந்த ஏழில் மூன்றாம் துளை ஒழுங்காகப் பேசும் ஒன்று இருந்தால் அதிர்ஷ்டம்.

கடையில் வாயில் வைத்துப் பார்க்க அனுமதியில்லை. நியாயமே. துருத்தி பொருத்திய சிறு சோதனைப் பெட்டி ஒன்று இருந்தது. அதன்மேல் வாத்தியத்தை வைத்து அழுத்தினால் இருபது ரீட்களும் ஒலிக்கின்றன என்பதைக் காட்டிவிடும். ஆனால் துருத்திக்கு நாக்கு கிடையாது; சுரத்தை வளைத்துப் பார்க்க அதனால் ஆகாது. ஆகவே மூன்று மாதிரிகளை, மூன்றும் ஏ சுருதியில், ஆளுக்கொன்றாக வாங்கினோம்: மரைன் பேண்ட் டீலக்ஸ், ஸ்பெஷல் 20, லீ ஆஸ்கர். எங்கள் தெருக்கோடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் நாற்பது ஆண்டுகளாக வாசிப்பவர். கோடையில் வாசல்படியில் அமர்ந்து வாசிப்பதைக் கேட்டிருக்கிறோம். மூன்றையும் அவரிடம் கொண்டுபோனோம்.

அவர் பாட்டு எதுவும் வாசிக்கவில்லை. ஒவ்வொன்றிலும் இரண்டாம் துளையில், தூங்கும் குழந்தை எழுந்துவிடாத அளவுக்கு மெல்ல இழுத்தார். பிறகு அதே துளையை முரட்டுத்தனமாக இழுத்தார். பிறகு மூன்றாம் துளையை மாடிப்படி இறங்குவதுபோல மூன்று படி இறக்கி, ஒவ்வொரு படியிலும் சற்று நின்றார். மெல்லிய மூச்சுக்கும் பேச வேண்டும், முரட்டு மூச்சில் திணறவும் கூடாது, இரண்டும் தெரிந்த ரீட்தான் ரீட் என்றார். ரீட்டின் நுனி தகட்டிலிருந்து எவ்வளவு எழும்பி நிற்கிறது என்பதைப் பொறுத்தது அது. இடைவெளி அதிகமானால் காற்று வீணாகும், குறைந்தால் ரீட் அடைத்துக்கொள்ளும். மூடித்தகட்டைக் கழற்றி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து எங்களுக்குக் காட்டினார். மூன்றுமே நல்லவை, வாங்குகிறவரின் கையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள் என்று சொன்னவர், கை எப்படி என்று கேட்டார். சொன்னோம்.

அவர் தன் இடது கையை நீட்டிக் காட்டினார். வாத்தியத்தைப் பிடிப்பது கட்டைவிரலும் சுட்டுவிரலும். மற்ற விரல்கள் மடங்காமல் நேராக, மேல்தகட்டை ஒட்டி நிற்க வேண்டும். வலது கை வந்து அதோடு சேர்ந்து மூடித் திறக்கையில் அதுதான் சுவர். பலருக்கும் அந்த விரல்களை மடக்காமல் வைத்துக்கொள்ளப் பழகவே பல மாதங்கள் ஆகும் என்றார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

ஸ்பெஷல் 20ஐ முடிவு செய்தோம். அதில் பிளாஸ்டிக் சீப்புக்குள் ரீட் தகடுகள் பதிந்து கிடப்பதால் உதட்டில் உலோக விளிம்பு படுவதில்லை, கசிவும் குறைவு, சில வாரங்கள் தொடப்படாமல் மேசைமேல் கிடந்தாலும் மரம்போல உலர்ந்து சுருங்காது. அது தொடப்படாமல் கிடக்கும் சாத்தியத்தையும் நாங்கள் கணக்கில் கொள்ளவேண்டியிருந்தது. மரைன் பேண்டுக்காக வாதிட்டவர் இன்றுவரை சமாதானம் ஆகவில்லை. அதைத் தானே வைத்துக்கொண்டுவிட்டார்.

அண்ணனிடம் கொடுத்தபோது எதுவும் விளக்கவில்லை. பெட்டியைத் திறந்தார், மேல்தகட்டைப் பார்க்கவில்லை, பக்கவாட்டில் திருப்பி, பொறித்திருந்த எழுத்தைப் பார்த்தார். "ஏ-வா?" என்றார். ஆமாம் அண்ணே என்றோம். "இ-க்கா?" என்றார். ஆமாம் என்றோம். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அண்ணி காபி போடுகிறாள், உட்காருங்கப்பா என்றார். அன்று அதைப் பற்றிய பேச்சு அவ்வளவே. காபி நன்றாக இருந்தது என்று எங்களில் ஒருவர் இரண்டு முறை சொன்னார்.

ஆறு வாரங்கள் எந்தச் செய்தியும் இல்லை. பின்னர் அண்ணி சொல்லித்தான் தெரிந்தது, தினமும் மாலையில் காரைக் கராஜில் நிறுத்திவிட்டு அரைமணி நேரம் கழித்தே வீட்டுக்குள் வருகிறார் என்று. இரண்டாம் துளை அவருக்கு வசப்பட்டிருக்கிறது. மூன்றாம் துளையில் முதல் படியில் நின்றுவிடுகிறார், கடைசிப் படிக்கும் எப்படியோ விழுந்துவிடுகிறார். நடுப்படியில் மட்டும் நிற்க முடியவில்லை. அதை அவரே எங்களிடம் சொன்னது ஒரு வெள்ளிக்கிழமை, தொலைபேசியில். சொல்லிவிட்டு, டி சுருதியில் ஒன்று வாங்க வேண்டும், ஏ பாட்டு இரண்டு மூன்று கிடக்கிறது என்றார். நாங்கள் வாங்கிவருகிறோம் அண்ணே என்றதற்கு, வேண்டாம், கடையின் முகவரியை மட்டும் அனுப்புங்கள் என்றார்.